கோலம், பல்லாங்குழி, தாயம், படி: கணக்கு வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் தெருவிலும் இருக்கும் பழைய பொருள்களை வைத்துக் கணக்கு சொல்லித்தர நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மனத்தில் வைத்து எழுதியது. எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு இடம் தரவில்லை. சிலவற்றில் கணக்கு நிறைய இருக்கிறது, சிலவற்றில் கொஞ்சம்தான்.

பழைய பொருள் என்றால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தப் பொருளைப் புழங்குகிறவர் வழக்கமாகச் செய்வதைச் செய்யும்போதே ஒரு கணக்குக் கேள்வி எழுகிறதா? பல்லாங்குழி ஆடுகிறவர் ‘எந்தக் குழியில் எடுத்தால் எனக்கு அதிகம் கிடைக்கும்’ என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். கேள்வி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

‘4 பொங்கல் பானையும் 3 பொங்கல் பானையும் சேர்ந்தால் எத்தனை பானை’ என்பதில் பானைக்கு வேலையே இல்லை. அங்கே மாம்பழம் வைத்தாலும் பேருந்து வைத்தாலும் விடை 7தான். கோபுரப் படத்தைக் காட்டி ‘இதில் எத்தனை முக்கோணம் தெரிகிறது’ என்று கேட்பதும் இந்த ரகம். பண்பாட்டை வகுப்பில் அலங்காரமாகத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், கணக்கு ஒரு அடிகூட நகராது.

கோலத்தில் சமச்சீர் தவிர வேறு என்ன இருக்கிறது?

பலரும் சமச்சீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடச் சுவையானது கோடு போடுவதற்கு முன்னால் இருக்கிறது. புள்ளி வைக்கும் வேலையைத்தான் சொல்கிறேன்.

நேர்ப்புள்ளி 7, 1 முடிய என்று எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. இதைக் கூட்டச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூட்டிவிடும். ‘கூட்டாமல் சொல்ல முடியுமா’ என்று கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது. 1+3+5+7 என்பது 16, அதாவது 4×4. மீதமுள்ள 5+3+1 என்பது 9, அதாவது 3×3. ஒற்றைப்படை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் கிடைக்கும் என்பது புள்ளியிலேயே தெரிகிறது. 9 புள்ளிக் கோலம் என்றால் 25+16, ஆக 41. 15 புள்ளி என்றால் 64+49, ஆக 113. கோலப்பொடி எடுக்கும் முன்பே எண்ணிக்கை கையில் வந்துவிடும்.

இடைப்புள்ளி, அதாவது முந்தின வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக வைப்பது, இன்னும் அழகு. 7 புள்ளி, 4 முடிய வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளி. வெளிவட்டமாகப் பார்த்தால் நடுவில் 1, அதைச் சுற்றி 6, பிறகு 12, பிறகு 18. ஒவ்வொரு சுற்றும் ஆறு ஆறாகக் கூடும் அறுகோணம். மார்கழியில் பலரும் போடும் ‘15 புள்ளி, 8 முடிய’ கோலத்தில் 169 புள்ளி. கொஞ்சம் வேகமான பிள்ளைகளுக்கு ஒரு கொசுறு: 1, 7, 19, 37 என்ற இந்த எண்களைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். 1, 8, 27, 64 என்று கன எண்களாக வந்து நிற்கும். ஏன் என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

சிக்குக் கோலத்தில் சிலது ஒரே கோட்டில் முடிகிறது, சிலது முடிவதில்லை. அதற்குக் கணக்கு உண்டா?

உண்டு. ஆறாம் வகுப்புக் கணக்கு அது.

புள்ளிகளைச் செவ்வகமாக வையுங்கள், 3 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோடு ஒருமுறை குறுக்கே வெட்டிச் செல்லும்படி, ஓரப் புள்ளிகளைச் சுற்றித் திரும்பி, வளைத்து வளைத்துப் போட்டுக்கொண்டே போனால் ஒரே கோட்டில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். 4 வரிசை 6 புள்ளியில் அப்படிச் செய்தால் வராது. ஒரு கோடு மூடிக்கொள்ளும், ஆனால் சில இடங்கள் மிச்சமிருக்கும். அதற்கு இரண்டாவது கோடு வேண்டும். 3×3 புள்ளியில் மூன்று கோடு, 4×4 புள்ளியில் நான்கு.

பிள்ளைகளிடம் விதியைச் சொல்லிவிடாதீர்கள். 2×3, 2×4, 3×4, 3×6, 4×6 என்று போடச் சொல்லி, எத்தனை கோடு வந்தது என்று கரும்பலகையில் அட்டவணை போடுங்கள். 1, 2, 1, 3, 2 என்று வரும். வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான் கோடுகளின் எண்ணிக்கை. யாராவது ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு செவ்வகம் கொடுங்கள்.

ஏன் அப்படி என்று கேட்டால் கேரம் போர்டை நினைக்கச் சொல்லலாம். மூலைவிட்டமாகச் சுண்டிய காய் ஓரங்களில் மோதி மோதித் திரும்புவதுபோலத்தான் இந்தக் கோடும் போகிறது. நீளமும் அகலமும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்களாக இருந்தால் எல்லா இடத்தையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும்.

இனி ஒரு நுணுக்கம். இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு இடத்தில், வெட்டாமல் இரண்டு பக்கமும் வளைத்து விட்டுவிட்டால் அந்த இரண்டும் ஒரே கோடாகச் சேர்ந்துவிடும். 4×6 கோலத்தில் ஒரு இடத்தை மாற்றினால் போதும். 3×3 கோலத்தில் குறைந்தது இரண்டு இடம். ‘ஏன் ஒரே இடத்தை மாற்றி முடிக்க முடியாது’ என்று கேளுங்கள். ஒரு மாற்றத்தால் ஒரு கோடுதான் குறையும் என்று பிள்ளை சொன்னால், அது நிரூபணம். கணிதத்தில் நிரூபணம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படும் வயதுக்கு வெகு முன்பே அதைச் செய்துவிட்டது.

எனக்கே கோலம் போட வராது. என்ன செய்வது?

வகுப்பில் போடத் தெரிந்த பிள்ளை கட்டாயம் இருக்கும். சுண்ணக்கட்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

பையன்கள் ‘இது பொம்பளைப் பிள்ளை வேலை’ என்கிறார்கள். கோலமே போடாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இரண்டும் உண்மையான சிக்கல்கள். முதலாவதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. 4×6-இல் எத்தனை கோடு வரும் என்று பந்தயம் வைத்துவிட்டால் பையன்கள் தானாக வருவார்கள். கோலம் தெரிந்த பெண்பிள்ளைகள் அந்த வகுப்பில் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். கணக்கில் வாயே திறக்காத பிள்ளை அன்றைக்குப் பேசுவதை நீங்கள் பார்க்கலாம்.

இரண்டாவதற்கு: ‘உங்கள் வீட்டு வாசல் கோலத்தை வரைந்து வா’ என்று வீட்டுப்பாடம் தராதீர்கள். வாசல் இல்லாத வீடு, கோலம் போடாத சமயம், துக்கம் நடந்த வீடு என்று பல இருக்கும். புள்ளித்தாளில், வகுப்பிலேயே, எல்லாருக்கும் ஒரே செவ்வகம் கொடுத்து முடித்துவிடுங்கள்.

பல்லாங்குழி எண்ணிப் பழகத்தானே உதவும்?

ஒன்றாம் வகுப்பில் அப்படித்தான். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போடும்போது விரலும் எண்ணும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறது. நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுப்பதால் நான்கைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணக் கண் பழகுகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பலகையை வீணாக்குகிறோம்.

விதி ஊருக்கு ஊர் மாறும். ஓர் எளிய விதியை எடுத்துக்கொள்வோம். 14 குழி, குழிக்கு 5 முத்து, ஆக 70. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி காலியாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. ஆட்டம் எதிராளிக்குப் போகும்.

முதலில் ஆடுபவர் எந்தக் குழியில் தொடங்கினால் அதிகம் கிடைக்கும்? பிள்ளைகள் நடுக்குழி, ஓரக்குழி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆடிப் பார்த்தால் எல்லாருக்கும் 7 முத்துதான் கிடைக்கும். ஐந்து முறை அள்ளியபின் ஆட்டம் நிற்கும். கொஞ்ச நேரம் நம்பமாட்டார்கள், மறுபடி ஆடுவார்கள். தொடக்கத்தில் எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருக்கின்றன, பலகை சுற்றிக்கொண்டு வருகிறது, அதனால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். படத்தில் மட்டும் பார்த்த சமச்சீர் இங்கே ஆட்டத்தின் முடிவையே தீர்மானிக்கிறது.

அடுத்து குழிக்கு 6 முத்து வைத்து ஆடச் சொல்லுங்கள். இரண்டே அள்ளலில் நின்றுவிடும்! 6 முத்துப் போட்டு அடுத்த குழிக்குப் போனால் 7 இடம் நகர்கிறோம். இன்னொரு 7 நகர்ந்தால் 14, அதாவது தொடங்கிய காலிக் குழிக்கே வந்து சேர்ந்தாயிற்று. 5 முத்தில் முதல் மூன்று அள்ளலிலும் 6 இடம், பிறகு அள்ளும் குழியில் 6 முத்து சேர்ந்திருப்பதால் 7 இடம். 6 என்பது 14-ஐ மீதியின்றி வகுக்காது, அதனால்தான் சுற்று நீள்கிறது. 14-ஆல் வகுத்து மீதி பார்ப்பது என்பதைக் கடிகாரக் கணக்கு என்று பிற்பாடு படிக்கப்போகிறார்கள்.

இரண்டாவது ஆட்டக்காரருக்கு இந்தச் சமச்சீர் கிடையாது. பலகை கலைந்துவிட்டது. அவருடைய குழிகளில் எது லாபம் என்பதைத் தாளில் கணித்துவிட்டு, பிறகு ஆடிச் சரிபார்க்கச் சொல்வது ஏழு, எட்டாம் வகுப்புக்கு நல்ல பயிற்சி.

தாயம் சூதாட்டம் போல ஆகாதா?

காசு வைத்தால் ஆகும், வைக்காதீர்கள். நிகழ்தகவுக்குத் தாயக்கட்டையைப் போல வசதியான பொருள் குறைவு. பாடப்புத்தகத்தில் வரும் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டினால் 36 வாய்ப்பு. எழுதியே நேரம் போய்விடும். தாயக்கட்டைக்கு நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டை சேர்ந்தால் 16 வாய்ப்பு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

தாயம், அதாவது 1 விழ 2 வழி. 2 விழ 3 வழி, 3 விழ 4 வழி, 4 விழ 3, 5 விழ 2, 6 விழ 1. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதற்கு 1 வழி. வழக்கமாக 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? நான்குக்கும் சேர்த்து 16-இல் 6 வழி. 2, 3, 4 ஆகிய மூன்றுக்கு மட்டும் 10 வழி. அரிதாக விழுவதற்குத்தான் சலுகை. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்தார்களா, ஆடி ஆடிப் படிந்ததா, எதுவானாலும் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

தாயம் விழ வாய்ப்பு 8-இல் 1. அப்படியென்றால் எட்டு முறை உருட்டினால் ஒன்று விழுந்தே தீருமா? பெரியவர்களும் ஆமாம் என்றுதான் நினைக்கிறார்கள். எட்டு முறையும் விழாமல் போக 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும், சுமார் 0.34 வரும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். காய் இறங்காமல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை நிறையப் பேரில் ஒருவர் என்று அர்த்தம்.

சோழி வைத்திருந்தால் அதுவும் நல்லது, வேறு காரணத்துக்கு. சோழி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, அதனால் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் பாதிப் பாதி விழும் என்று சொல்ல முடியாது. உருட்டிக் குறித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உழக்கும் படியும் ஒழிந்துபோனவை. லிட்டர், கிலோவோடு குழப்பிவிடாதா?

அவற்றை அளவை என்று நடத்தினால் குழப்பும். பின்னம் என்று நடத்தினால் தெளிவாகும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி, அதாவது படி. அரைக்கால், கால், அரை, ஒன்று என்று பாத்திரமாகவே கையில் நிற்கின்றன. கால் பெரிதா அரைக்கால் பெரிதா என்று தடுமாறும் பிள்ளைக்கு உழக்கில் அரிசியை நிரப்பி ஆழாக்கில் கொட்டிக் காட்டுங்கள். எது பெரிது என்று அப்புறம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த வகுப்புக்கு ஒரு புதிர். ஆழாக்கு, உழக்கு, உரி மூன்றும் ஒவ்வொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதிகபட்சம் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். 5 ஆழாக்கு அரிசி அளக்க முடியுமா? உரியும் ஆழாக்கும். 6 ஆழாக்கு? உரியும் உழக்கும். 1 முதல் 7 வரை எல்லாமே முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழிதான். எடுத்த பாத்திரத்துக்கு 1, எடுக்காததுக்கு 0 என்று எழுதினால் 101, 110 என்று வரும். கணினி எண்ணும் முறை அதுதான்.

மேலே போனால் 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால், 12 குறுணி ஒரு கலம். ஆக ஒரு கலத்தில் 96 நாழி. 2, 3, 4, 6, 8, 12 என்று எத்தனை பங்காளிகள் வந்தாலும் மீதி இல்லாமல் பிரிக்கலாம். நூற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

உயர்வகுப்பில் கூம்பும் உருளையும் வரும்போது தலைதட்டி அளப்பதையும் குவித்து அளப்பதையும் ஒப்பிடலாம். குவியலின் உயரத்தை அளந்து, அது படியின் கொள்ளளவில் எத்தனை பங்கு என்று கணக்கிடட்டும். இந்த இடத்தில் வரலாறும் வரும். களத்தில் நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது பற்றிப் பிள்ளைகள் சொல்வார்கள். கூலி அளக்கச் சின்ன மரக்கால், குத்தகை வாங்கப் பெரிய மரக்கால் என்ற கதைகளும் சில வீடுகளில் இருக்கும். அதை மழுப்ப வேண்டாம். அளவையைத் தரப்படுத்துவது ஏன் அவசியமானது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்தது.

மா, காணி, முந்திரி எல்லாம் மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்ட காலம் போயாயிற்று. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மா என்பது 1/20, காணி 1/80, மாகாணி 1/16. 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டினால் என்ன வருகிறது என்று கேளுங்கள். 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, சுருக்கினால் 1/16. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. பகுதியைச் சமமாக்கிக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1/320-ஆன முந்திரியைக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அப்படியென்றால் நம் பாட்டிகளுக்கு மீப்பெரு பொதுக் காரணி தெரிந்திருந்தது என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை மேடையில் கேட்டால் கைதட்டல் கிடைக்கும். வகுப்பில் நிதானமாக இருப்பது நல்லது. எந்தப் புள்ளி அமைப்பு ஒரே கோட்டில் முடியும், முடியாவிட்டால் எங்கே மாற்ற வேண்டும் என்பது கோலம் போடுகிறவருக்குக் கையிலேயே தெரியும். அது உண்மையான அறிவு. ஆனால் எல்லா எண்களுக்கும் பொருந்தும் விதியைச் சொல்லி அதை நிறுவுவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கினால் பாட்டிக்கும் மரியாதை இல்லை, கணிதத்துக்கும் இல்லை.

கோலத்தைக் கணிதக்காரர்கள் மதித்துப் படித்த வரலாறு உண்மையாகவே நம்மிடம் இருக்கிறது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலில் வரும் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். பெருமைப்பட வேண்டுமானால் அதற்குப் படலாம்.

வேறு நாடுகளில் இப்படிச் செய்கிறார்களா?

பிரேசில் கணித ஆசிரியர் உபிரட்டான் டி’அம்ப்ரோசியோ 1980-களில், மக்களின் பண்பாட்டிலுள்ள கணக்கை ஆராயும் இந்தத் துறையை (ethnomathematics) உலக மாநாடுகளில் பேசுபொருளாக்கினார். மொசாம்பிக்கில் பவுலஸ் கெர்டஸ் கூடை முடைதல், பாய் முடைதல் ஆகியவற்றிலிருந்து வடிவியல் பாடங்களை உருவாக்கினார். நமக்கு மிக நெருக்கமானது அவர் ஆராய்ந்த ‘சோனா’. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு இழுத்துக் கதை சொல்வார்கள். பார்த்தால் சிக்குக் கோலம் என்றே சொல்வீர்கள். அதே மீப்பெரு பொதுக் காரணி விதி அங்கேயும் வேலை செய்கிறது. அங்கே அது ஆண்களின் கலை என்பதை உங்கள் வகுப்புப் பையன்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆடுபுலி ஆட்டம்?

3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. கோடும் புள்ளியுமாக ஒரு வலை. எந்தப் புள்ளியிலிருந்து அதிக வழி பிரிகிறது என்று எண்ணச் சொன்னால் புலியை எங்கே நிறுத்துவது என்று புரியும். நல்ல ஆட்டம், உத்திக்குப் பழக்கம். ஆனால் பள்ளிப் பாடத்தோடு நேராகப் பொருந்தும் இடம் குறைவு. மதிய இடைவேளைக்கு விடுங்கள்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கு எங்கே போவது?

ஆண்டு முழுவதும் செய்ய வேண்டாம். ஆறாம் வகுப்பில் காரணிகள் வரும்போது சிக்குக் கோலம், பின்னம் வரும்போது ஆழாக்கு, ஒன்பதில் நிகழ்தகவு வரும்போது தாயம். இவ்வளவுதான். பாடத்துக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம். சூத்திரம் சொல்லியான பிறகு கோலம் போட்டால் அது சரிபார்க்கும் வேலை ஆகிவிடும், கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

கோலத்தில் புரிந்தது கோலத்தோடு நின்றுவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். 84 செ.மீ நீளமும் 60 செ.மீ அகலமும் உள்ள தளத்தில், வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப் பெரிய சதுர ஓட்டின் பக்கம் எவ்வளவு என்று மறுநாள் கேளுங்கள். 12 என்று வந்தால் சரி. வராவிட்டால் கோலத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது.

பொருள்களுக்கு எங்கே போவது?

பல்லாங்குழிக்குப் பலகை தேவையில்லை. தரையில் 14 வட்டம் போதும், புளியங்கொட்டை வீட்டிலேயே கிடைக்கும். உழக்கு, ஆழாக்கு பழைய பாத்திரக் கடையில் கிடைக்கும். ஆனால் ஒரே செட்டாக வாங்குங்கள், ஊருக்கு ஊர் படி அளவு வேறு என்பதால் இரண்டு கடையில் வாங்கியவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. தாயக்கட்டை பித்தளையில் கிடைக்காவிட்டால் சதுர மரக்குச்சியை வெட்டிப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். கையால் செய்த கட்டை ஒரு பக்கம் சாய்ந்து விழக்கூடும். அப்படி விழுந்தால் தூக்கிப்போடாதீர்கள். 200 முறை உருட்டிக் குறித்து, இந்தக் கட்டை ஏமாற்றுகிறதா இல்லையா என்று வகுப்பையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள்.